கணிப்பொறியில் புத்தகக்குறிகள்: சேர்த்தலும் வகைப்படுத்தலும்

நூலொன்றைப் படித்துவருபவர் இடையில் நிறுத்த நேரும்போது, விட்ட இடம் மறவாதிருக்கும் பொருட்டு ஒரு காகிதத் துண்டையோ, நூலிழையையோ, பள்ளிச் சிறுவராயின் மயிலிறகையோ பக்கங்களினிடையே வைத்தல் நெடுங்கால வழக்கம். அக்குறி நூலுக்குள்ளேயே இருக்கிறது. நூல் எங்குச் செல்லினும் குறியும் உடன் செல்கிறது. நூல் கையில் உள்ளவரை குறித்த பக்கமும் கையில் உள்ளது. கணிப்பொறியின் உலாவியில் ‘புத்தகக்குறி’ என்று வழங்கப்படுவது பெயரால் இதனோடு ஒத்திருப்பினும் தன்மையால் முற்றிலும் வேறானது. அது பக்கத்தின் முகவரி மட்டுமேயாகும். பக்கமோ, எங்கோ தொலைவில் வேறொருவருடைய கணிப்பொறியில் இருக்கிறது. அவர் அதனை இடம் மாற்றலாம், திருத்தலாம், அழித்தும் விடலாம். குறியிட்டு வைத்தவருக்கு அதுபற்றி யாதோர் அறிவிப்பும் வாராது.

இவ்வேறுபாட்டை எண்ணிப் பாராமையால் நேரும் இழப்பு சிறிதன்று. ஐந்தாண்டுகள் உழைத்து, படித்த கட்டுரைகள், அரசாங்க அறிக்கைகள், புள்ளிவிவர அட்டவணைகள் ஆகியவற்றுக்கெல்லாம் குறியிட்டு வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், ஆய்வேட்டை எழுத அமரும் நாளில் அத்தொகுதியைத் திறப்பதாகக் கொள்ளலாம். ஆயிரம் குறிகள் ஒரே நீண்ட பட்டியலாக நிற்கின்றன. அவற்றுள் இருபதுக்கு ‘முகப்பு’ என்பதே பெயர். ‘பிற’ என்னும் கோப்புறைக்குள் முந்நூறு கிடக்கின்றன. தேவையானது இருக்கிறதென்று தெரிகிறது. எங்கே என்பது தெரியவில்லை. ஒருவாறு கண்டுபிடித்துத் திறந்தால், ‘இப்பக்கம் காணப்படவில்லை’ என்ற செய்தியே திரையில் தோன்றுகிறது. சேர்த்து வைத்த பொருளைச் சேர்க்காமலே விட்டிருந்தாலும் நிலைமை வேறாயிராது.

குறிகள் வந்த வழி

உலகளாவிய வலையின் தொடக்க காலத்து உலாவிகளுள் புகழ்பெற்றதாகிய மொசைக், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணிப்பொறி மையமொன்றிலிருந்து 1993-இல் வெளிவந்தது. மீண்டும் காண விரும்பும் பக்கங்களைக் குறித்துக்கொள்ளும் பட்டியலை அது ‘ஹாட்லிஸ்ட்’ என்று அழைத்தது. அடுத்த ஆண்டில் தோன்றிய நெட்ஸ்கேப் நாவிகேட்டர் ‘புக்மார்க்’ என்னும் சொல்லைப் பரப்பிற்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இவற்றையே ‘ஃபேவரிட்ஸ்’, அதாவது ‘பிடித்தவை’ என்றது. பெயர் மூன்றாயினும் பொருள் ஒன்றே.

சேமித்து வைக்கும் முறையில் மட்டும் இவை வேறுபட்டன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு முகவரியையும் ஒரு தனிச் சிறு கோப்பாக்கி, விண்டோஸின் ‘பிடித்தவை’ கோப்புறையில் இட்டது. அச்சிறு கோப்பைத் திறந்து நோக்கின், சில வரிகளும் அவற்றினிடையே ஒரு முகவரியுமே காணப்படும். ஏனைய கோப்புகளைப் போலவே இவற்றையும் நகலெடுக்கலாம், இடம் மாற்றலாம், வேறொரு கணிப்பொறிக்குக் கொண்டு செல்லலாம். இஃது ஒரு வசதியே. ஆயினும் இயங்குதளம் பழுதுற்று வட்டினை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவ நேர்ந்த காலங்களில், ஆவணங்களை மறவாமல் நகலெடுத்துக்கொண்ட பலர் ‘பிடித்தவை’ என்றொரு கோப்புறை இருந்ததையே மறந்தனர். பல்லாண்டுச் சேகரிப்பு ஒரு பிற்பகலில் போயிற்று. நெட்ஸ்கேப்போ எல்லாக் குறிகளையும் ஒரே கோப்பில் எழுதி வைத்தது. கூகுளின் குரோம் உலாவியும் ஒரே கோப்பில்தான் வைக்கிறது. ஃபயர்பாக்ஸ் உலாவி, 2008-இல் வந்த தன் மூன்றாம் பதிப்பு முதல், குறிகளையும் சென்றுவந்த பக்கங்களின் வரலாற்றையும் ஒரு சிறு தரவுத்தளத்தில் சேர்த்து வைத்து வருகிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15 அன்று நிறுவனம் விடைகொடுத்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்த எட்ஜ் உலாவியில் ‘பிடித்தவை’ என்னும் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. தனித்தனிக் கோப்பாக வைக்கும் முறை கைவிடப்பட்டது.

ஒரு பொருளுக்கு ஓரிடம்

குறிகள் பெருகியவுடன் எவருக்கும் முதலில் தோன்றுவது, அவற்றைக் கோப்புறைகளாகப் பிரித்தல் வேண்டும் என்பது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. காவிரிப் பாசனப் பகுதியில் நெற்பயிருக்கு வரும் குலைநோயும் மழைக்கால ஈரப்பதமும் பற்றிய ஒரு கட்டுரை கிடைக்கிறதென்க. அதை ‘நெல்’ என்னும் கோப்புறையில் இடுவதா, ‘பயிர் நோய்கள்’ என்பதில் இடுவதா, ‘வானிலை’யில் இடுவதா? சேர்க்கும் நாளில் நோயைப் பற்றிச் சிந்தித்திருப்பவர் நோய்க் கோப்புறையில் இடுவார். ஓராண்டு கழித்து வானிலை பற்றி எழுதும்போது அவரே வானிலைக் கோப்புறையைத் திறந்து, காணாது, தாம் அதைச் சேர்க்கவேயில்லை என்று முடிவு செய்வார்.

இக்குறைபாட்டை அமெரிக்க விஞ்ஞானி வானெவார் புஷ் 1945-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்நாட்டின் விஞ்ஞான ஆராய்ச்சி முயற்சிகளை ஒருங்கிணைத்த அவர், போர் முடியும் தறுவாயில் எழுதிய கட்டுரையொன்றில், வகை, உள்வகை, அதனுள் மற்றொரு வகை என்று படிப்படியாக இறங்கித் தேடும் முறை மனித மனத்தின் போக்குக்கு ஒவ்வாதது என்று வாதித்தார். மனம் ஒன்றிலிருந்து அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்குத் தாவிச் செல்கிறது. ஆவணங்களையும் அவ்வாறே பிணைத்து வைத்தல் வேண்டும் என்றார். அதன்பொருட்டு ‘மெமெக்ஸ்’ என்னும் மேசை வடிவ இயந்திரமொன்றைக் கற்பனை செய்தார். நுண்படச் சுருள்களில் நூல்களைச் சேமித்து, ஒன்றை மற்றொன்றோடு இணைத்துச் செல்லும் வழித்தடங்களை ஒருவர் தமக்கென அமைத்துக்கொள்ள உதவுவது அவ்வியந்திரம். அது செய்யப்படவேயில்லை. வலையில் உள்ள இணைப்புகளுக்கு அதனை முன்னோடி என்பர். புத்தகக்குறிகளுக்கும் அது முன்னோடியே.

நூல் நிலையங்களுக்கு இத்தொல்லை புதிதன்று. அலமாரியில் ஒரு நூலை ஓரிடத்தில்தான் நிறுத்த முடியும். அமெரிக்கரான மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை, அறிவுத் துறைகள் அனைத்தையும் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பகுத்துச் சென்றது. புதிய பொருள் ஒன்று தோன்றும்போது அதற்குரிய இடம் அப்பட்டியலில் முன்னரே இருந்தாலன்றி, எங்கேனும் செருக வேண்டியதாயிற்று.

இதற்கு மாற்று கண்டவர், சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் ஆவார். நூலகப் பயிற்சிக்காக அவர் இலண்டன் சென்றிருந்தபோது, கடையொன்றில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுக் கருவித் தொகுதியைக் காண நேர்ந்தது. துளையிட்ட உலோகப் பட்டைகளும் திருகாணிகளும் கொண்ட அத்தொகுதியின் அதே உறுப்புகளைக் கொண்டு ஒரு முறை பாலமும், மற்றொரு முறை வண்டியும் கட்டலாம். நூலின் பொருளையும் இவ்வாறே உறுப்புகளாகப் பிரித்து, வேண்டியவாறு சேர்த்தால் என்ன என்ற எண்ணம் அதனின்று பிறந்ததாகக் கூறுவர். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளுக்கு ஆயத்தமான ஒரே பெட்டியைத் தேடுவதில்லை. எதைப் பற்றியது, என்ன நிகழ்கிறது, எவ்விடத்தில், எக்காலத்தில் என்று முகம் முகமாகப் பிரித்து, அவற்றை நிறுத்தக்குறிகளால் கோத்து ஓர் எண்ணாக்குகிறது. மேலே கூறிய கட்டுரை அம்முறையில் நெல், நோய், இடம் என்னும் முகங்கள் எல்லாவற்றையும் ஒருங்கே தாங்கி நிற்கும்.

கணிப்பொறியில் இதற்கு நிகரானவை குறிச்சொற்கள். ஒரே புத்தகக்குறிக்கு ‘நெல்’, ‘குலைநோய்’, ‘மழை’, ‘காவிரி’ என நான்கு சொற்களைச் சூட்டிவிட்டால், எந்தச் சொல்லின் வழியாகச் சென்றாலும் அது அகப்படும். 2003-இல் ஜோஷுவா ஷாக்டர் என்பார் தொடங்கிய ‘டெலிஷியஸ்’ என்னும் தளம் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. ஃபயர்பாக்ஸ் அதனை உலாவிக்குள்ளேயே அமைத்துக்கொண்டது. குரோம் உலாவியில் இன்றும் அது இல்லாதது ஒரு குறையே. டெலிஷியஸ் தளம் பல கைகள் மாறி, 2017-இல் மற்றொரு நிறுவனத்தால் வாங்கப்பட்டு, புதிய குறிகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. தம் சேகரிப்பு முழுவதையும் பிறருடைய தளமொன்றில் மட்டும் வைத்திருப்பவர் அறியத்தக்க செய்தி இது.

குறிச்சொற்களிலும் குறை இல்லாமலில்லை. ஒருவரே ஒரு நாள் ‘நெல்’ என்றும், மறுநாள் ‘நெற்பயிர்’ என்றும், பின்னொரு நாள் ‘அரிசி’ என்றும் எழுதிவிட்டால் ஒரு பொருள் மூன்றாகச் சிதறும். நூலகர்கள் இதனை அறிந்தே, பயன்படுத்தத் தக்க சொற்களை முன்கூட்டி வரையறுத்த பட்டியலொன்றை வைத்துக்கொள்கின்றனர். தனி மனிதருக்கு முப்பது நாற்பது சொற்கள் கொண்ட ஒரு தாள் போதும்.

மக்கள் செய்வது என்ன

கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாஷரும் கிரீன்பர்க்கும் 23 பேருடைய வலைப் பயன்பாட்டை ஆறு வாரங்கள் தொடர்ந்து பதிவு செய்து, 1997-இல் முடிவுகளை வெளியிட்டனர். பார்க்கப்பட்ட பக்கங்களுள் ஏறத்தாழ 58 விழுக்காடு முன்னரே பார்த்தவையாக இருந்தன. வலையில் உலாவுதல் பெரும்பாலும் திரும்பி வருதலே என்பது இதனால் விளங்கிற்று. மறு ஆண்டில் ஏபிரம்ஸ், பெக்கர், சிக்னெல் ஆகிய மூவர் 322 பேரிடம் வினவியும், 50 பேருடைய குறித்தொகுதிகளைப் பகுத்தாய்ந்தும் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒழுங்குபடுத்துவதற்கு ஆகும் உழைப்பையும் அதனால் பின்னர் விளையும் பயனையும் மக்கள் தம்மையறியாமலே சீர்தூக்கிப் பார்க்கின்றனர் என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. 2001-இல் ஜோன்ஸ், புரூஸ், டூமே ஆகியோர் நடத்திய ஆராய்ச்சி இன்னும் சுவையானது. கண்டுபிடித்த பக்கத்தை மீண்டும் அடையும் பொருட்டுப் பலர் முகவரியைத் தமக்குத்தாமே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கின்றனர். சிலர் அச்சிட்டு வைக்கின்றனர். சிலர் சிறு தாளில் எழுதி ஒட்டுகின்றனர். பலர் ஒன்றுமே செய்யாமல் மீண்டும் தேடிக்கொள்கின்றனர். மின்னஞ்சல் அனுப்புவோரைப் பார்த்து நகைப்பதற்கில்லை. அவ்வஞ்சல் வேலை செய்யும் இடத்தில் கண்முன் வந்து நிற்கிறது. ஏன் அனுப்பினோம் என்ற குறிப்பையும் தாங்கி வருகிறது. புத்தகக்குறியோ வாய்மூடிக் கிடக்கிறது.

ஆகவே ஒழுங்குமுறை எதுவாயினும், சேர்க்கும் வேளையின் வசதியை நோக்காது திரும்பி வரும் வேளையின் தேவையை நோக்கி அமைதல் வேண்டும். பொருள் வாரியாக நூறு கோப்புறைகளை அடுக்குவதைவிட, எச்செயலுக்கு வேண்டியது என்பதைக் கொண்டு சிலவற்றை அமைத்தல் மேல். நாள்தோறும் திறப்பவை எண்ணத்தக்க சிலவே. அவற்றை உலாவியின் மேற்பட்டையில் வைக்கலாம். நடப்பில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும், ‘ஆய்வேடு மூன்றாம் இயல்’ என்றோ ‘வீட்டுக் கடன் விண்ணப்பம்’ என்றோ ஒரு கோப்புறை இருத்தல் வேண்டும். வேலை முடிந்தபின் அது ‘முடிந்தவை’ என்பதற்குள் செல்லும். இன்னும் படிக்காதவற்றைப் படித்துத் தேர்ந்தவற்றோடு கலத்தலாகாது. கோப்புறைக்குள் கோப்புறையாக மூன்று நிலைக்குமேல் ஆழ்ந்துவிட்டால், அங்கே இட்டதைத் திரும்பக் காண்பவர் அரியர்.

பெயரிடுதலே இவற்றினும் முதன்மையானது. குறியிடும்போது உலாவி, பக்கத்தின் தலைப்பை அப்படியே பெயராக எடுத்துக்கொள்கிறது. அத்தலைப்பு ‘முகப்பு’ என்றோ நிறுவனத்தின் பெயராகவோதான் பெரும்பாலும் இருக்கும். கன்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தியதும் தோன்றும் சிறு கட்டத்தில், அப்பெயரை மாற்றி எழுத அரை நிமிடம் போதும். எதைப் பற்றியது, எதற்காகச் சேர்த்தது, எந்த ஆண்டுக்குரிய செய்தி என்னும் மூன்றும் பெயரில் இருந்தால், கோப்புறை தவறினும் தேடுதலில் அது அகப்பட்டுவிடும். ஃபயர்பாக்ஸில் முகவரிக் கட்டத்தில் உடுக்குறியும் ஓர் இடைவெளியும் இட்டுச் சொல்லை எழுதினால் புத்தகக்குறிகளுக்குள் மட்டும் தேடும். குறிச்சொற்களுக்குக் கூட்டல் குறி.

தமிழில் வாசிப்போருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தமிழ் விக்கிப்பீடியா போன்ற தளங்களில் பக்க முகவரியே தமிழ்ச் சொற்களால் ஆனது. அதனைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது, பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகளும் உரோம எழுத்துகளும் எண்களும் நிறைந்த தொடராக மாறிவிடுகிறது. காரணம், யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதும், முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துருக்களால் குறிக்கப்படுவதும் ஆகும். ‘நெல்’ என்னும் சொல் நகர மெய்யுயிர், எகரக் கொம்பு, லகரம், புள்ளி என நான்கு குறிகளால் ஆனது. முகவரியில் அது 36 எழுத்துருக்களாக நீள்கிறது. முகவரியைப் பார்த்துப் பக்கத்தை அறிவது அங்கே இயலாது. பெயர்தான் துணை. ஆங்கிலப் பக்கத்தைச் சேர்க்கும்போதும் பெயரில் ஒரு தமிழ்ச் சொல்லை இணைத்து வைத்தால், எம்மொழியில் நினைவு வந்தாலும் தேடி எடுக்கலாம்.

மறையும் பக்கங்கள்

எத்துணைச் செம்மையாக அடுக்கினும், முகவரி சுட்டும் பக்கம் மறைந்துவிட்டால் குறியால் பயனில்லை. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் வலையில் இருந்த பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் அடைய முடியாதனவாயின. இந்தியாவிலும் அரசாங்கத் துறைகள் பல தம் முகவரிகளை மாற்றியிருக்கின்றன, தளங்களைப் புதுப்பித்துள்ளன. பழைய அறிக்கை புதிய தளத்தில் எங்கோ இருக்கலாம். பழைய முகவரி அங்கே இட்டுச் செல்லாது. வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரிகளை மாற்றாதிருத்தல் தளம் நடத்துவோரின் கடமை என்று 1998-லேயே வற்புறுத்தி எழுதினார். செவிகொடுத்தவர் சிலரே.

ஆதலின் ஒரு பக்கம் இன்றியமையாததாயின், குறியிடுவதோடு நில்லாமல் அதன் நகலையும் சேமித்தல் வேண்டும். உலாவியின் அச்சிடும் கட்டளையைக் கொண்டே பக்கத்தை பி.டி.எஃப். கோப்பாக்கிக்கொள்ளலாம். 1996-இல் புரூஸ்டர் கேல் நிறுவிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் ஆவணக் காப்பகம், ‘வேபேக் மெஷின்’ வாயிலாகப் பழைய பக்கங்களின் படிகளைக் காட்டுகிறது. வேண்டிய பக்கத்தைச் சேமிக்குமாறு எவரும் அதனிடம் கேட்கவும் கூடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு, இதழின் தள முகவரியைவிட ‘டி.ஓ.ஐ.’ என்னும் அடையாள எண்ணைக் கொண்ட முகவரியே நம்பத்தக்கது. பதிப்பகம் தளத்தை மாற்றினால் அவ்வெண்ணுக்குரிய பதிவையும் மாற்றிவிடுவது முறையாதலால், எண் நிலைத்து நிற்கிறது. 2006 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஜோட்டெரோ மென்பொருள், முகவரி, நூல் விவரம், பக்க நகல் மூன்றையும் ஒருங்கே சேமிப்பதால் ஆய்வாளருக்கு வெறும் புத்தகக்குறியினும் மிகுதியாகப் பயன்படும்.

மற்றொரு வகை மறைவும் உண்டு. தேர்வு முடிவு, முன்பதிவு, விண்ணப்பம் முதலியவற்றுக்கான சில தளங்களில், உள்ளே நுழைந்தபின் தோன்றும் முகவரி அவ்வேளைக்கு மட்டுமே உரியது. வினாக்குறிக்குப் பின் நீண்ட எழுத்துத் தொடர் இருப்பின் ஐயுறுதல் நன்று. அத்தகைய இடங்களில் முதற்பக்கத்துக்குக் குறியிடுவதே தக்கது.

வங்கி முகவரி

புத்தகக்குறி நேரத்தை மிச்சப்படுத்துவதோடு பணத்தையும் காக்கவல்லது. வங்கியின் தளத்தைப் போலவே போலித் தளத்தை அமைத்து, குறுஞ்செய்தியிலோ விளம்பரத்திலோ இணைப்பை அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிக்கும் மோசடி பெருகியுள்ளது. தேடுபொறியில் வங்கியின் பெயரை எழுதி முதலில் வருவதைத் திறப்பதும் இடருடையதே. வங்கி தரும் கணக்கேட்டிலோ அட்டையிலோ அச்சிட்டுள்ள முகவரியை ஒரு முறை பிழையின்றித் தட்டெழுதிக் குறியிட்டு, எப்போதும் அதன் வழியாகவே செல்பவர் இவ்வலையில் எளிதில் சிக்கார்.

ஆனால் அக்குறியையும் இப்போது ஒரு முறை சரிபார்த்தாக வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2025-இல் பிறப்பித்த ஆணைப்படி, வங்கிகள் தம் தளங்களை ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிகளுக்கு அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வங்கியல்லாதார் அம்முடிவைப் பெற இயலாதாகையால் உண்மைத் தளத்தை இனங்காணுதல் எளிதாகும். பழைய முகவரிக்குக் குறியிட்டிருப்பவர், புதிய முகவரி வந்ததைக் கண்டு போலியென்று அஞ்சுதலும், ‘முகவரி மாறிவிட்டது, இதனை அழுத்துக’ என்று வரும் போலிச் செய்தியை மெய்யென நம்புதலும் ஒருசேர நிகழக்கூடிய காலம் இது. புதிய முகவரியைத் தாமே எழுதிச் சென்று, முடிவு சரியாக உள்ளதைக் கண்டபின் பழைய குறியை நீக்கிவிடுதல் வேண்டும். பொதுக் கணிப்பொறிகளில் இத்தகைய குறிகளை வைத்தலே கூடாது.

இறுதியாகக் காப்புப் படி. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் ஆகிய எல்லா உலாவிகளிலும் குறித்தொகுதி முழுவதையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் கட்டளை உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளுடன் ஓ விசையை அழுத்தினால் திறக்கும் நிர்வாகப் பக்கத்தில் அது இருக்கிறது. கணக்கொன்றின் வழியாகப் பல கருவிகளிடையே குறிகளை ஒத்திசைத்து வைத்திருப்பவர் இதனை வேண்டாததென எண்ணுவர். ஒரு கருவியில் கைதவறி அழித்தால் அவ்வழிப்பும் ஏனைய கருவிகளுக்கு ஒத்திசைந்தே செல்லும் என்பதை அவர்கள் மறத்தலாகாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் இக்கோப்பு ஒரு புகைப்படத்தின் அளவுகூட இராது. சாதாரண உரைத் திருத்தியில் அதனைத் திறந்து பார்த்தால், எந்த உலாவியிலிருந்து எடுத்ததாயினும், முதல் வரியில் நெட்ஸ்கேப்பின் பெயரே காணப்படும். அவ்வுலாவிக்கான ஆதரவு 2008 மார்ச் மாதத்தோடு நிறுத்தப்பட்டது. அது வகுத்த கோப்பு வடிவத்தை மட்டும் உலாவிகள் அனைத்தும் இன்றும் படித்துக்கொண்டிருக்கின்றன.